றொக்கி ஹொரர் படத்தில் யார் யாருக்கு உடுத்திவிடுகிறார்கள்?

திருகோணமலையில் ஒரு சின்ன நாடகக் குழு வைத்திருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது: “நாங்கள் ஒரு பேய்ப் பகிடி நாடகம் போடப்போகிறோம். அதற்காக ‘றொக்கி ஹொரர் பிக்சர் ஷோ’ பார்த்தோம். இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சையும் வலைக் காலுறையும் குதியுயர்ந்த சப்பாத்துமாக ஆட்கள் திரிகிறார்கள். இதில் குறியீடு ஏதும் இருக்கிறதா, அல்லது பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கத்தானா? கடைசியில் எல்லாருக்கும் ஒரே உடுப்பு ஏன்? எங்கள் நாடகத்தில் பேய்க்கு வெள்ளைச் சேலைதான் கட்டவேண்டுமா? பெண் பாத்திரத்தை ஒரு தம்பி நடித்தால் சபை சிரித்துக் கெடுத்துவிடுமா?”

குறியீடு இருக்கிறது தங்கச்சி, நிறையவே இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்கிற விளக்கம் எனக்குப் போதவில்லை. கோட்டும் கவுனும் அடக்கம், கச்சையும் வலைக் காலுறையும் விடுதலை, ஆகவே ஆட்கள் அடக்கத்திலிருந்து விடுதலைக்குப் போகிறார்கள் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கண்ணோடு மட்டும் பார்த்தால் படத்தின் பின்பாதி விளங்காது. ஒவ்வொரு காட்சியிலும் யாருடைய உடுப்பை யார் கழற்றுகிறார், புது உடுப்பை யார் கொடுக்கிறார் என்று பாருங்கள். இந்தப் படத்தில் உடுப்பு அதிகாரத்தின் கணக்கு.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். பிராட், ஜெனட் என்று கலியாணம் பேசிக்கொண்ட ஓர் இளம் சோடி. மழை இரவில் கார் டயர் வெடிக்க, தொலைபேசி கேட்டு ஒரு மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே டொக்டர் ஃபிராங்க்-என்-ஃபேர்ட்டர் என்ற வேற்றுக்கிரக விஞ்ஞானி, றொக்கி என்றோர் அழகனைத் தன் ஆய்வுகூடத்தில் உருவாக்கிக்கொண்டிருக்கிறார். கூன் விழுந்த வேலைக்காரன் ரிஃப் ராஃப், அவனுடைய சகோதரி மஜென்டா, ஃபிராங்க் கைவிட்ட காதலி கொலம்பியா ஆகியோரும் அங்கே இருக்கிறார்கள். ஒரே இரவில் எல்லாம் தலைகீழாகிறது. விடியுமுன் ஃபிராங்க் செத்துப்போகிறார், மாளிகையே வானத்தில் ஏறிப் போய்விடுகிறது.

இது முதலில் மேடை நாடகம். ரிச்சர்ட் ஓ’பிரையன் எழுதி, ஜிம் ஷார்மன் இயக்கி, 1973 ஜூனில் லண்டன் றோயல் கோர்ட் அரங்கின் மேல்மாடியில், 63 பேர் மட்டும் இருக்கக்கூடிய இடத்தில் தொடங்கியது. 1975இல் ஷார்மனே அதைப் படமாக்கினார். ஓ’பிரையன்தான் ரிஃப் ராஃப். மேடைக்கும் படத்துக்கும் உடை அமைத்தவர் சூ பிளேன். அவரும் ஃபிராங்காக நடித்த டிம் கரியும் கிளாஸ்கோவின் சிட்டிசன்ஸ் அரங்கில் முன்னரே சேர்ந்து வேலை செய்தவர்கள். அங்கே வேறொரு நாடகத்தில் கரி போட்ட கச்சையைத்தான் பிளேன் ஃபிராங்குக்கு எடுத்துவந்தார். இருக்கிற உடுப்பை எடுத்துப் புதிய ஆளுக்கு மாட்டுவது, நாடகக் குழு வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. படத்தின் முக ஒப்பனையை வடிவமைத்த பியெர் லா றோஷ், 1973இல் பாடகர் டேவிட் போவியின் முகத்துக்கு ஒப்பனை செய்தவர்.

இனிப் படத்துக்குள் போவோம். முதல் காட்சி ஒரு தேவாலய வாசல், ஒரு கலியாணம். அங்கே நிற்கிற பாதிரியாரின் முகத்தை நன்றாகப் பாருங்கள், அது டிம் கரி. வாசலில் வைக்கோல் வாரும் கவர்முள்ளைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நிற்பவர் ஓ’பிரையன், பக்கத்தில் நிற்பவர் மஜென்டாவாக நடித்த பட்ரிஷியா குயின். கிரான்ட் வுட் 1930இல் வரைந்த ‘அமெரிக்கன் கோதிக்’ ஓவியத்தில் வரும் இருவரைப் போலவே அவர்களை நிறுத்தியிருக்கிறார்கள். கதை தொடங்குமுன்னரே படம் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது: ஊரின் மரியாதையான உடுப்பும் ஒரு வேடம், அதைப் போட்டிருப்பவர்களும் அதே ஆட்கள்தான். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. இரண்டாம் முறை பார்க்கும்போது உடல் சிலிர்க்கும்.

பிராட்டும் ஜெனட்டும் அந்த ஊரின் பிள்ளைகள். அவனுக்குத் தடித்த சட்டமுள்ள கண்ணாடி, மடிப்புக் குலையாத உடை. அவளுக்கு வெளிர்ச் சிவப்புக் கவுன், மேலே வெள்ளைச் சட்டை. காரில் போகும்போது வானொலியில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் 1974 ஓகஸ்டில் பதவி விலகியபோது ஆற்றிய உரை. கோட்டும் டையுமாக நாட்டுக்கு நேர்மை கற்பித்தவர் வீழ்கிற நேரத்தில்தான் இந்தச் சோடியின் டயரும் வெடிக்கிறது. அவர்கள் நம்பி வளர்ந்த ‘ஒழுங்கான தோற்றம்’ ஏற்கெனவே கிழிந்துபோயிற்று, அவர்களுக்குத்தான் இன்னும் தெரியாது.

அடுத்தது ஃபிராங்கின் வருகை. கிழக்கு மாகாணத்துக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முக்கியமான பாத்திரம் களரிக்கு வரும்போது இருவர் சீலை பிடிப்பார்கள். ஆளை முழுதாகக் காட்டாமல், சபையைக் காத்திருக்க வைத்து, பிறகுதான் சீலையை விலக்குவார்கள். இங்கே அந்தச் சீலையின் வேலையை ஒரு பழைய கூண்டு லிஃப்ட் செய்கிறது. முதலில் தாளம் தட்டுகிற ஒரு குதிச்சப்பாத்து. பிறகு முதுகு, கழுத்துப்பட்டி உயர்ந்த கறுப்புப் போர்வை. ‘டிராகுலா’ என்று நமது மனம் முடிவுகட்டுகிறது. பாட்டு நடுவில் போர்வையை வீசி எறிந்தால் உள்ளே கறுப்புக் கச்சை, வலைக் காலுறை, கழுத்தில் முத்துமாலை. பயப்படத் தயாராக வந்தவனுக்கு ஆசையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மோதுகின்றன. திகில் நகைச்சுவை என்ற வகையையே இந்த ஒரு உடைமாற்றத்தில் கற்றுக்கொள்ளலாம். படம் எடுத்த ஓக்லி கோர்ட் மாளிகையும் பக்கத்திலுள்ள பிறே படப்பிடிப்புக்கூடமும் ஹமர் நிறுவனத்தின் பழைய திகில் படங்களுக்குப் பேர்போன இடங்கள். அந்தப் போர்வை அந்த இடத்துக்கே உரியது, உள்ளே இருந்த கச்சைதான் புதிது.

கவனியுங்கள், அந்தப் போர்வையை ஃபிராங்க் தானே கழற்றுகிறார். அடுத்த நிமிடம் பிராட், ஜெனட் இருவரின் உடுப்பை வேலைக்காரர்கள் உரிக்கிறார்கள். வெள்ளை உள்ளாடையோடு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஃபிராங்க் பெரிய மனம்பண்ணி இருவருக்கும் போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு மேலங்கி கொடுக்கிறார். விருந்தாளியை உரிந்துவிட்டு, பிறகு தன் வீட்டு உடுப்பைத் தானமாகக் கொடுப்பது. அதிகாரம் என்றால் இதுதான். நீங்கள் எல்லாரும் சிரித்திருப்பீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது.

ஆய்வுகூடத்தில் ஃபிராங்க் போட்டிருப்பது சத்திரசிகிச்சை வைத்தியரின் பச்சை அங்கி, கையில் இளஞ்சிவப்பு ரப்பர் உறை. அங்கியின் நெஞ்சில் இளஞ்சிவப்பு முக்கோணம் ஒன்று இருக்கிறது. நாசி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் உடுப்பில் தைத்த அடையாளம் அது. 1970களில் அந்தச் சமூகத்தினரே அதைத் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் டொக்டர் ஸ்கொட் என்ற இன்னொரு விஞ்ஞானி சக்கரநாற்காலியில் வருவார். ஃபிராங்க் அவரை ஜேர்மன் பெயர்போல ‘ஃபொன் ஸ்கொட்’ என்று கூப்பிடுவார். முக்கோணம் நெஞ்சில் இருக்கிறவரும், ஜேர்மனியிலிருந்து வந்து அரசாங்கத்துக்கு வேலை செய்கிறவரும் ஒரே சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்கள். படம் இதைப் பற்றி ஒரு வசனமும் பேசுவதில்லை, உடுப்பையும் பெயரையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. இதையெல்லாம் வெறும் திடுக்கிட வைக்கிற வேலை என்று எப்படிச் சொல்வது?

றொக்கியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அவனுக்குப் பொன்னிறக் குட்டைக் காற்சட்டை ஒன்றுதான், அதுவும் படைத்தவர் கொடுத்தது. பேச்சே இல்லாதவன், பாட்டு மட்டும்தான். ஃபிராங்க் அவனைப் பற்றிப் பாடும்போது உடற்பயிற்சி விளம்பரங்களில் புகழ்பெற்ற சார்ள்ஸ் அட்லஸின் பெயரை இழுப்பார். ஆணழகு என்பதும் கடையில் விற்கிற உடுப்புத்தான் என்ற பகிடி அது. ஃபிராங்க் முன்பு காதலித்துக் கைவிட்ட எடி வேறு. குளிரறைக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிளில் பாய்ந்து வருகிற அவனுக்குத் தோல் மேற்சட்டை, 1950களின் றொக் அண்ட் றோல் காலத்துத் தோற்றம். நெற்றியில் வெட்டுத் தழும்பு, ஏனென்றால் அவன் மூளையில் பாதியை எடுத்துத்தான் றொக்கியைச் செய்தார்கள். புது அழகனைப் பளபளவென்று நிறுத்த, பழைய நாயகனின் தலையைத் திறக்கவேண்டியிருந்தது. அந்தத் தழும்பையும் ஒரு ஆடையலங்காரமாகவே நான் எண்ணுகிறேன்.

இனி வருவது எனக்குப் பிடிக்காத பகுதி, ஆனாலும் சொல்லவேண்டும். இரவில் ஃபிராங்க் பிராட்டின் தோற்றத்தில் ஜெனட்டின் அறைக்கும், ஜெனட்டின் தோற்றத்தில் பிராட்டின் அறைக்கும் போகிறார். திரைக்குப் பின்னால் நிழல் மட்டும் தெரியும். இது வேடத்தால் ஏமாற்றிப் பெற்ற சம்மதம். 1975இல் அதற்குச் சிரித்தார்கள். இன்று எனக்குச் சிரிப்பு வருவதில்லை, உங்கள் குழுவில் இளம் பிள்ளைகள் இருந்தால் இதைப் பற்றி அவர்களோடு கட்டாயம் கதையுங்கள். ஆனால் படத்தின் உள்கணக்குக்கு இது பொருந்துகிறது. தோற்றத்தை ஆளத் தெரிந்தவன் மற்ற ஆட்களையும் ஆள்கிறான்.

இதற்கு மறுபக்கமாக, எல்லாரும் கவனிக்காமல் விடுகிற ஒரு சின்னச் செயலைச் சொல்கிறேன். றொக்கி காயத்தோடு ஒளிந்திருக்கும்போது ஜெனட் தன் உட்பாவாடையிலிருந்து துணி கிழித்து அவனுக்குக் கட்டுப்போடுகிறாள். ஃபிராங்கைத் தவிர, இந்த வீட்டுக்குள் தன் உடுப்பைத் தன் விருப்பத்தோடு தானே கிழித்தவள் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகுதான் அவள் தன் ஆசையைத் தன் வாயால் பாடுகிறாள். படத்தில் உண்மையான விடுதலை எங்கே என்று கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். அங்கே கச்சையும் இல்லை, பளபளப்பும் இல்லை. வெள்ளைத் துணி ஒரு முழம், அவ்வளவுதான்.

பிறகு கொலம்பியா வெடிக்கிறாள். முன்பு பொன்மினுக்குக் கோட்டும் உயரத் தொப்பியுமாகத் தட்டுநடனம் ஆடியவள். இப்போது இரவுடுப்பும் தலையில் மிக்கி மவுஸ் காதுமாக, ஒரு சின்னப் பிள்ளை போல நிற்கிறாள். எடியைப் பழைய மேற்கோட்டைப் போல எறிந்துவிட்டு றொக்கியிடம் போனாயே என்று ஃபிராங்கைப் பார்த்துக் கத்துகிறாள். படத்தின் ஆகப் பெரிய குற்றச்சாட்டு உடுப்பின் மொழியிலேயே வருகிறது, அதுவும் அலங்காரம் முழுவதும் களைந்த ஒருத்தியின் வாயிலிருந்து. ஃபிராங்க் என்ன பதில் சொல்கிறார்? ஒரு கருவியைத் திருப்பி எல்லாரையும் கற்சிலையாக்கிவிடுகிறார், உடுப்பே இல்லாத வெறும் சிலைகளாக.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு இங்கேதான் பதில். கடைசி மேடை நிகழ்ச்சியில் கொலம்பியா, றொக்கி, பிராட், ஜெனட் நால்வரும் ஃபிராங்கைப் போலவே கச்சை, வலைக் காலுறை, வெள்ளை பூசிய முகம். சிலையாக இருந்தவர்கள் தாங்களாக உடுத்தியிருக்க முடியாது. ஆகவே உடுத்தியவர் ஃபிராங்க். ஊரிலிருந்து கொண்டுவந்த சீருடையைக் கழற்றி, இன்னொரு சீருடையை மாட்டியிருக்கிறார். பாட்டிலே ஜெனட் தன் மனம் விரிந்துவிட்டதாகச் சொல்கிறாள், பிராட் குழம்பிப்போய் அம்மாவைத் தேடுகிறான். இரண்டும் உண்மை. கட்டாயமாகப் போட்டுவிட்ட உடுப்பிலும் ஒருத்திக்குத் தன்னைக் கண்டுபிடிக்க முடிகிறது, இன்னொருவனுக்கு முடியவில்லை. டொக்டர் ஸ்கொட்டின் போர்வைக்குள்ளிருந்தும் வலைக் காலுறை போட்ட கால் ஒன்று எழும்பும். அரசாங்க ஆளின் மடிக்குக் கீழே என்ன இருந்தது என்று சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

அப்போது கதவு திறக்கிறது. ரிஃப் ராஃபும் மஜென்டாவும் விண்வெளிப் படையின் பொன்னிற உடையில் வந்து நிற்கிறார்கள். இவ்வளவு நேரமும் கந்தல் கோட்டும் வேலைக்காரி உடுப்புமாக வளைந்து நின்றவர்கள். மஜென்டாவின் கூந்தல் இப்போது மேலே எழும்பி, பக்கத்தில் வெள்ளைக் கீற்றோடு நிற்கிறது. 1935இல் எல்சா லான்செஸ்டர் நடித்த ‘ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ கூந்தல் அது. உடுப்பு மாறியது, ஆட்சியும் மாறியது. ஃபிராங்க் தன் வேதனையைப் பாடும்போது இல்லாத ஒரு சபையைக் கற்பனை செய்துகொள்கிறார், காலிக் கதிரைகளில் ஆட்கள் நிறைந்து கைதட்டுகிறார்கள், பிறகு கதிரைகள் திரும்பவும் காலியாகின்றன. முகத்து மை கரைந்து வழிகிறது. டிம் கரியின் நடிப்பில் எனக்கு ஆகப் பிடித்த இடம். இவ்வளவு பேரை ஆட்டிவைத்தவர் தன் ஒப்பனையைப் பார்க்க ஆளில்லாமல் நிற்கிறார், கொடுமைக்காரன் என்று தெரிந்தும் மனம் இளகுகிறது. மாளிகை பறந்த பிறகு பிராட், ஜெனட், ஸ்கொட் மூவரும் கிழிந்த காலுறையோடு மண்ணில் ஊர்கிறார்கள். பழைய உடுப்பு அவர்களுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

இவ்வளவு இருட்டான முடிவுள்ள படம் எப்படி ஒரு கொண்டாட்டமாக மாறியது? 1975இல் படம் பெரும்பாலான ஊர்களில் படுத்துவிட்டது. 1976 ஏப்ரலில் நியூயோர்க் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சி தொடங்கியபிறகுதான் ஆட்கள் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். திரைக்கு முன்னால் நின்று கூடவே நடித்தார்கள், மழைக் காட்சியில் ஜெனட்டைப் போலத் தலைக்குமேல் பத்திரிகை பிடித்தார்கள். அது இன்றுவரை பல நாடுகளில் நடக்கிறது. 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் படம் சேர்ந்தது. முக்கியமான விசயம், அந்த ரசிகர்களுக்குக் கச்சையை யாரும் கட்டிவிடவில்லை. வீட்டில் சொல்ல முடியாததை, தெருவில் உடுத்த முடியாததை, அவர்கள் தாங்களாகத் தெரிந்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். படத்துக்குள் ஃபிராங்க் பிறருக்குக் கொடுக்காத விடுதலையைத் தியேட்டருக்குள் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் ‘கச்சை என்றால் விடுதலை’ என்ற விளக்கம் இவ்வளவு உறுதியாக நிலைத்தது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் நாடகத்துக்கு வருவோம். பேய்க்கு வெள்ளைச் சேலை கட்டவேண்டும் என்று சட்டமில்லை. இதே கேள்வியை அங்கேயும் கேளுங்கள்: அந்தச் சேலையை அவளுக்கு யார் கட்டிவிட்டார்கள்? செத்தவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது உறவினர். கணவன் இருக்கச் செத்தவளுக்குக் கூறைச் சேலை உடுத்தி அனுப்புவது எங்கள் பக்க வழக்கம். விதவையாகச் செத்தவளுக்கு வெள்ளை, அதுவும் ஊர் அவளுக்குக் கட்டிவிட்டதுதான். ஆகவே பேய் எந்தச் சேலையில் வந்தாலும், அது அவள் தெரிந்தெடுத்த சேலை அல்ல. திரும்பி வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை வீட்டு அலுமாரியைத் திறந்து உடுப்பு மாற்றுவதாக இருந்தால்? மருமகளின் சுடிதாரைப் போட்டுப் பார்க்கலாம், கணவனின் சாரத்தைக் கட்டிப் பார்க்கலாம். சபை சிரிக்கும், சிரித்துக்கொண்டே அவள் உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் உடுத்த விடவில்லை என்று யோசிக்கும். கூறைச் சேலையோடு தொடங்கினால் நிறமும் மேடைக்கு நன்றாக எடுபடும். புதிது வாங்கவேண்டாம், குழுவில் யாருடைய அம்மாவிடமாவது பழைய பட்டு இருக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் போடுவதானால் பான்கேக் முகப்பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள், அரை மணித்தியாலத்தில் வியர்வையில் ஓடிவிடும். ஓடுவதே உங்களுக்குத் தேவையென்றால், கடைசிக் காட்சிக்கு மட்டும் கண்மையைக் கூட்டுங்கள்.

தம்பி பெண் வேடம் போடுவதைப் பற்றிப் பயப்படவேண்டாம். மட்டக்களப்பு, திருகோணமலைக் கூத்துகளில் பெண் பாத்திரங்களை ஆண்கள்தான் காலங்காலமாக ஆடினார்கள், பாஞ்சாலி அழுதபோது சபையும் அழுதது. டிம் கரி படத்தில் பெண்ணாக நடிக்கவில்லை, அதையும் கவனியுங்கள். குரலை மெல்லியதாக்கவில்லை, கையை வளைக்கவில்லை. கச்சையும் குதிச்சப்பாத்தும் தன் தோலைப் போல நடக்கிறார், அதனால் அவரைப் பார்த்துச் சபை இளிப்பதில்லை, அவர் சிரிக்கவைக்கும்போதுதான் சிரிக்கிறது. நடிகர் தன் உடுப்புக்காக மன்னிப்புக் கேட்பதுபோலக் கண்ணடித்தால்தான் காரியம் கெடும். எனவே தம்பி முதல் ஒத்திகையிலிருந்தே சேலையோடு நடக்கட்டும், இருக்கட்டும், படி ஏறட்டும். அக்காமாரை விட்டுக் கட்டுவிக்காமல் தானே கட்டப் பழகட்டும். ஓடுகிற காட்சி இருந்தால் கொய்யகத்தை நாலு விரல் உயர்த்தி இரண்டு ஊசி குத்திக்கொள்ளச் சொல்லுங்கள், தடக்காது.